கடைசி இடத்துப் பாட்டு

1974 யூரோவிஷன் பாட்டுப் போட்டியை யூடியூப்ல பார்த்தேன்.
ஜெயிச்சது சுவீடனோட அபா குழு.

போர்ச்சுகலுக்காகப் பாலோ டி கார்வால்யோ பாடினார்.
மூணே புள்ளி. கடைசி இடம், இன்னும் மூணு நாடுகளோட சேர்ந்து.

அதே வருஷம் ஏப்ரல் 24.
ராத்திரி 11 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி லிஸ்பன் ரேடியோவுல அதே பாட்டு.
காதல் பிரிவைப் பத்தின பாட்டுதான், யாருக்கு சந்தேகம் வரும்?
ஆனா புரட்சிக்குத் திட்டம் போட்டிருந்த ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் 'தயாராகுங்க'ங்கிற சைகை!

மறுநாள் துப்பாக்கிக் குழல்ல எல்லாம் சிவப்புக் கார்னேஷன் பூ.
நாற்பது வருஷத்துக்கு மேல இருந்த சர்வாதிகாரம் ஒரே நாள்ல சரிஞ்சுது.

யூரோவிஷன்ல போர்ச்சுகல் முதல்முறையா ஜெயிச்சது 2017ல. அக்கா எழுதின பாட்டைத் தம்பி சால்வடோர் சோப்ரால் பாடினார். அருமையான பாட்டு.
ஆனாலும் எனக்கு அந்த மூணு புள்ளிதாங்க உசத்தி.

போட்டியில தோத்த வேற எந்தப் பாட்டாவது இப்படி ஒரு நாட்டையே எழுப்பியிருக்கா?