காசியில கேட்ட 'சம்போ'

காசிக்கு வந்தாச்சு நண்பர்களே.
படத்துல பார்த்த காசி வேற, கால் வச்ச காசி வேற.

கங்கை இங்க வடக்கு நோக்கி ஓடுது.
படித்துறை எல்லாம் மேற்குக் கரையிலதான். மொத்தம் 84.
நேர் எதிர்க்கரையில வீடுகளே இல்ல, வெறும் மணல்.
அதனால விடியற வெயில் நேரா ஆத்துல வந்து விழுது.

மணிகர்ணிகா படித்துறையில ராத்திரி பகலா சிதை எரியுது.
பக்கத்துலயே டீ விக்கறாங்க.
பயமா இருக்கும்னு நினைச்சேன். மனசு லேசாத்தான் ஆச்சு.
சாவை ஒளிச்சு வைக்காத ஊர் இது.

சந்துக்குள்ள திடீர்னு "சம்போ! சம்போ!"ன்னு குரல்.
விசுவநாதர் பூஜைக்கு நகரத்தார் சத்திரத்துலேர்ந்து தினமும் பொருள் கொண்டு போறாங்களாம்.
200 வருஷமா நடக்கற கைங்கரியம்.
கூட்டம் தானா ஒதுங்கி வழி விடுது.
எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கேதார் காட் படித்துறை பக்கம் குமரகுருபரர் நிறுவின மடம்.
அனுமான் காட் பக்கம் பாரதி இளவயசுல இருந்த வீடு.
எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து, எவ்வளவு ஆழமா வேர் விட்டிருக்காங்க நம்ம ஆளுங்க!

ஒண்ணே ஒண்ணு சொல்லணும்.
வீட்டுல பெரியவங்க "காசிக்குப் போகணும்"னு சொல்லிட்டே இருந்தா தள்ளிப் போடாதீங்க.
படிக்கட்டு செங்குத்து. முட்டி நல்லா இருக்கும்போதே கூட்டிட்டு வாங்க.
மழைக்காலம் வேண்டாம், தண்ணி ஏறிப் படியெல்லாம் முங்கிடும்.

உங்க வீட்டுல யாரு கேட்டுட்டு இருக்காங்க?