கடைசி ரீல்

மழைக் காட்சி உள்ள ரீலை மாட்டும் முன் புரொஜெக்டரின் கேட்டை இரண்டு தடவை துடைக்க வேண்டும். தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். இரும்புலியூரிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், தாம்பரத்துத் தியேட்டர் ஒன்றின் ஆபரேட்டர் ரூமில் கையாளாக நின்ற காலம். 1982-இல் வெளியான பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ பல ஊர் சுற்றி, உடம்பெல்லாம் கீறலோடு எங்களிடம் வந்தது.

கேட்டில் மசி திரண்டு இறுகினால், ஓடும் பிலிமை நெடுகக் கீறிவிடும். திரையில் அதுவும் மழையாகத்தான் தெரியும். படத்தின் கடைசியில் கேத்தி ஸ்டேஷனில் பெய்யும் மழை கலைந்து கலைந்து விழும். கீறல் மழை ஒரே இடத்தில் கம்பி கட்டி நிற்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆபரேட்டர் வாத்தியார், ரீவைண்டரில் பிலிம் விளிம்பை இரு விரலிடுக்கில் விட்டுச் சுற்றுவார். கிழிந்த துளையும் பிரியப்போகும் ஜாயிண்டும் விரலுக்கே தெரியும். என் விரலுக்கு அந்த அறிவு வர மூன்று வருஷம் ஆனது.

முதல் காட்சியிலேயே தப்பு செய்தேன். வீட்டுக்குள் நடக்கும் காட்சி மங்கலாகத் தெரிய, விளக்குக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபயரைக் கூட்டினேன். முகங்கள் சுண்ணாம்பாக வெளுத்தன. வாத்தியார் என் கையைப் பிடித்துக் குறைத்தார். “அது அவர் வச்ச இருட்டுடா தம்பி. அதுல நமக்கு வேலை இல்ல.” பாலு மகேந்திராவின் அந்த ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று தெரிந்தது, கார்பன் குச்சிகளின் இடைவெளியை நிமிஷத்துக்கு ஒருமுறை சரிசெய்து, அந்த இருட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பது மட்டும்.

படத்தில், விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட விஜியைச் சிரிக்கவைக்க, சீனு குரங்காட்டம் ஆடுவான். தியேட்டரே சிரிக்கும். குணமான விஜி ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது, அடையாளம் காட்ட அதே ஆட்டத்தை ஆடுவான். அப்போதும் முதலில் பெஞ்சு டிக்கெட்டில் சிரிப்பு எழும். விஜி அவனைப் பைத்தியம் என்று நினைத்துச் சாப்பாட்டை வீசுவாள். சிரிப்பு அப்படியே அடங்கும். ஒருவரைப் பைத்தியம் என்று சொல்வதன் கனத்தை நான் கற்றது அந்த அமைதியில்தான். அந்த நேரத்தில் ஆபரேட்டர் அழக்கூடாது. கண் கலங்கினால் ஃபோகஸ் தெரியாது.

ஒரு இரவு அந்த ரீலில் நான் போட்ட ஜாயிண்ட் பிரிந்தது. பிலிமின் மேல் உள்ள மருந்தைச் சரியாகச் சுரண்டாமல் பிலிம் சிமெண்ட் தடவியிருந்தேன். படம் கேட்டில் நின்று, சூட்டில் கொப்பளித்துக் கருகியது. வெட்டி ஒட்டியதில் எட்டுக் கட்டங்கள் போயின. நொடிக்கு 24 கட்டம் ஓடும் இடத்தில் எட்டு என்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. சீனுவின் ஓட்டத்தில் ஒரு எட்டு குறைந்தது. அடுத்த ஊர்க்காரர்களும் அந்தக் குறையோடுதான் பார்த்திருப்பார்கள். வாத்தியார் திட்டவில்லை. கழிவு பிலிமைக் கொடுத்து, நூறு ஜாயிண்ட் போடச் சொன்னார்.

ரயில் கிளம்பியதுமே அரங்கு விளக்கைப் போடச் சொல்லிக் கீழிருந்து மணி அடிப்பார்கள். அடுத்த ஆட்டத்துக் கூட்டம் வெளியே நிற்கும். வாத்தியார் சுவிட்சில் கை வைத்தபடி, பிலிமின் வால் கேட்டைத் தாண்டும்வரை காத்திருப்பார்.

இன்று சர்வரில் படம் ஓட்டும் தம்பிகளே, உங்களுக்குக் கார்பனும் இல்லை, ஜாயிண்டும் இல்லை. அந்த விளக்கு சுவிட்ச் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. சீனு ஸ்டேஷனில் தனியாக நிற்கும்போது அதைத் தொடாதீர்கள்.