ஹைடியின் தாத்தாவும் எங்க வீட்டுத் தாத்தாவும்

ஹைடி கதை தெரியும்தானே? ஸ்விட்சர்லாந்துக்காரர் யோஹன்னா ஸ்பைரி 1880லயும் 1881லயும் ரெண்டு பாகமா எழுதினது. இப்போ என் பொண்ணுக்கு ராத்திரி ராத்திரி தமிழ்ல சொல்லிக்கிட்டிருக்கேன்.

அப்பா அம்மா இல்லாத அஞ்சு வயசுக் குழந்தையை, ஆல்ப்ஸ் மலை மேல தனியா இருக்கிற தாத்தாகிட்ட சித்தி விட்டுட்டுப் போயிடுவா. ஊரே அந்த மனுஷனைக் கண்டா ஒதுங்கும். சர்ச் பக்கம் போறதில்லை, யாரோடயும் பேச்சு இல்லை. மகனையும் மருமகளையும் அடுத்தடுத்து பறிகொடுத்தவர்.

கொஞ்சிப் பேசற ஆளும் இல்லை. ஆனா வந்த அன்னிக்கே அவ உயரத்துக்கு ஒரு இருக்கை செஞ்சு கொடுப்பார். சீஸை நெருப்புல வாட்டி ரொட்டில வச்சுத் தருவார். ராத்திரி காத்து பலமா அடிச்சா, குழந்தை பயப்படுதோன்னு பரண் ஏறிப் பார்ப்பார். பாசமெல்லாம் கை வழியாத்தான்.

எங்கப்பாவும் இதே ரகம். அம்மா போனப்புறம் ரெண்டு வருஷமா புனேல எங்களோட இருக்கார். பருப்புல வெல்லம் போட்டா திட்டு, லிஃப்ட் நின்னா திட்டு, பேத்தி இந்தில பதில் சொன்னா டபுள் திட்டு. ஆனா தினம் சாயங்காலம் மாதுளம்பழத்தை உதிர்த்து டம்ளர்ல எடுத்துக்கிட்டு, ஸ்கூல் பஸ்ஸுக்காக கேட்ல நிக்கிறதும் அவர்தான் :-)

கதைல அடுத்தது ஃபிராங்ஃபர்ட். கிளாராங்கற நடக்க முடியாத பொண்ணுக்குத் துணையா ஹைடியைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. பெரிய வீடு, நல்ல சாப்பாடு, எல்லாரும் சுமாரா நல்லவங்கதான். ஆனா குழந்தை இளைச்சுப் போகும். ராத்திரி தூக்கத்துல நடந்து போய் வாசக்கதவைத் திறந்து வச்சுடும். வீட்ல பேய்னு நினைப்பாங்க. டாக்டர்தான் கண்டுபிடிச்சு, உடனே மலைக்கே அனுப்புங்கன்னு சொல்லுவார்.

இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைச்சுது. எங்கப்பா விடிகாலை மூணு மணிக்கு எழுந்து ஹால்ல நடக்கிறார். ஜூன் வந்தா மேட்டூர் திறந்தாச்சான்னு பத்து தடவை கேக்கிறார். கும்பகோணத்து வீட்டுத் தென்னைக்கு யார் தண்ணி விடறாங்கன்னு கவலை. எங்க வீட்டு ஹைடி அவர்தான்.

73 வயசுல தனியா விடறதான்னு அண்ணன் போன்ல சத்தம் போட்டான். பயம் எனக்கும் இருக்கு. ராத்திரி நெஞ்சு வலிச்சா யாரைக் கூப்பிடுவார்? கடைசில இப்படி முடிவு: பக்கத்து வீட்டு அத்தை ரெண்டு வேளை எட்டிப் பார்ப்பாங்க. தீபாவளிலேர்ந்து மார்ச் வரைக்கும் இங்க. மே மாசம் பேத்தி அங்க. கதைலயும் கிளாரா மலைக்குப் போனப்புறம்தானே எழுந்து நடக்கிறா?

அப்பாகிட்ட சொன்னதும், "எனக்கு யாருடா டிக்கெட் போடச் சொன்னா?"ன்னு ஒரு எரிஞ்சு விழல். ஆனா மறுநாள் காலைல பார்த்தா பெட்டி கட்டி ரெடி.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நீங்க என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க? சொல்லுங்களேன்.