மீட்டரில் நின்ற எண்

பழைய காரைச் சீர்செய்ய உட்காருகிறவர்கள் முதலில் இன்ஜினைப் பார்ப்பார்கள். அப்புறம் தகரம், பெயிண்ட், சீட்டு. டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர்களின் முறை கடைசியில்தான் வரும். "வண்டிதான் ஓடுதே, முள் ஆடாட்டி என்ன?" என்பார்கள். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் அளவுமானிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். என்னால் அப்படி விட்டுவிட முடியாது.

பெரம்பலூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் எதிர்வீட்டுக்காரர் ஒருவர் டாக்சி ஓட்டினார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 1972 மாடல் அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி. ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதை 1979-ல் வாங்கினார். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகும்வரை நமக்குக் கலெக்டர் ஆபீசும் திருச்சி, பெரிய ஆஸ்பத்திரியும் திருச்சி. கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர். பிரசவ வலி எடுத்தவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் நடுராத்திரியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் அந்த ரோட்டில் எத்தனை நடை போயிருப்பார் என்று கணக்கில்லை.

கணக்கில்லை என்று நான்தான் சொல்கிறேன். அவரிடம் கணக்கு இருந்தது. வாடகை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்பதால், கிளம்பும்போது வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மீட்டர் எண்ணைக் காட்டுவார். திரும்பியதும் இன்னொரு தடவை காட்டுவார். இரண்டையும் ஒரு நீள நோட்டில் எழுதுவார். மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். ஒவ்வொரு தடவை அப்படித் திரும்பியபோதும் நோட்டில் சிவப்பு மையில் 'இரண்டாம் சுற்று', 'மூன்றாம் சுற்று' என்று குறித்திருந்தார்.

அண்ணன் காலமான பிறகு வண்டி எட்டு வருஷம் கொட்டகையில் கிடந்தது. போன வருஷம் அண்ணி கூப்பிட்டார்கள். "தம்பி, மழைக்கு வீடெல்லாம் ஒழுகுது. ஓடு மாத்தணும். வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். இன்ஜினை மெக்கானிக் ஓடவச்சுட்டாரு. மீட்டர் மட்டும் ஒண்ணும் வேலை செய்யல. நீங்க பாப்பீங்களா?"

இந்த வேலையைச் செய்ய நினைக்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

முதல் காரியம் பேட்டரி ஒயரைக் கழற்றுவது. டேஷ்போர்டுக்குப் பின்னால் எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர் ஒன்றாவது இருக்கும். ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். அடுத்து, ஒவ்வொரு ஒயரிலும் காகித டேப் ஒட்டி எண் எழுத வேண்டும். ஐம்பது வருஷத்து ஒயரில் சிவப்பும் பச்சையும் ஒரே பழுப்பாகிவிடும், நிறத்தை நம்பக் கூடாது. பிறகு பின்பக்கம் கையை விட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளின் நட்டை விரலாலேயே திருகிக் கழற்றலாம். பல்பு ஹோல்டர்களைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். லாடம் போல வளைந்த பட்டைதான் மீட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் நட்டுகளைத் தளர்த்தினால் மீட்டர் முன்பக்கமாகக் கையில் வரும்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் விளிம்பு வளையத்தை நெம்பக் கூடாது. மெல்லத் திருப்பினால் காதுகள் பள்ளத்துக்கு நேராக வரும்போது தானே கழன்றுவிடும். முள்ளை எடுக்க நான் பயன்படுத்துவது இரண்டு டீஸ்பூன். இரு பக்கமும் கொடுத்து ஒரே சமமாகத் தூக்க வேண்டும்; ஒரு பக்கம் சாய்ந்தால் அச்சு வளைந்துவிடும். டயலை பெட்ரோல் போட்டுத் துடைத்தால் எழுத்துகள் துணியோடு வந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாலே போதும்.

அந்தத் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. டயலுக்குப் பின்னால் வெள்ளை மாவு போலப் படிந்திருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் போனவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஏறக்குறைய 7 கோடி வருஷத்துக்கு முன் இங்கே கடல் இருந்தபோது படிந்த சிப்பியும் சேறும்தான் இன்றைய அந்தக் கல். சாதாரணத் தூசி என்று ஊதித் தள்ள எனக்கு மனசு வரவில்லை, ஒரு காகிதத்தில் தட்டி வைத்தேன்.

ஸ்பீடோமீட்டரின் வேலை எளிமையானது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு சிறிய காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் பக்கத்திலேயே ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். மயிரிழை போன்ற சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுக்கும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1902-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அண்ணன் வண்டியில் உள்கேபிள் அறுந்திருந்தது. புதுசு போட்டேன். கிரீஸை கேபிளின் கீழ்ப் பாதிக்கு மட்டும் தடவ வேண்டும். மேலே வரை தடவினால் கிரீஸ் ஏறிப்போய் மீட்டருக்குள் புகுந்துவிடும்.

பெட்ரோல் முள் காலியிலேயே படுத்திருந்தது. டேங்க்கில் இருக்கும் மிதவைக்குப் போகும் ஒயரைக் கழற்றிப் பார்த்தேன். முள் நிறைவுக்கு ஓடியது. பழைய ரக கேஜ் அப்படித்தான் செய்யும். ஆகவே கேஜும் ஒயரும் சரி, கோளாறு டேங்க்குக்குள். பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலத்தது. வெந்நீரில் அமிழ்த்தியபோது ஊசித் துளையிலிருந்து குமிழி வந்தது. உள்ளே இருப்பதை முழுக்க வடித்து, இரண்டு நாள் காற்றாட வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டால் மிதவை வெடிக்கும், ஜாக்கிரதை.

எல்லாவற்றையும் மாட்டித் திருச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். 60-ல் சீராகப் போனால் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சரியாக 60 விநாடி ஆக வேண்டும். கைக்கடிகாரத்தில் 63 வந்தது. முள் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது. வயதான காந்தமும் சுருள்வில்லும் அப்படி இப்படித்தான் இருக்கும். ஆனால் கிலோமீட்டர் எண்ணுக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை. அது பல்சக்கரத்தில் ஓடுவது. டயர் அளவு மாறாதவரை அது தானாகப் பொய் சொல்லாது. பொய் சொல்ல ஒரு மனிதன் கை வைக்க வேண்டும்.

இதை நான் சொல்லக் காரணம், வண்டி பார்க்க வந்த புரோக்கர். எண் 48,216-ல் நின்றிருந்தது. அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், நீங்க எதையும் திருப்ப வேண்டாம். 48 ஆயிரம்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. அந்த நோட்டை மட்டும் வெளியே எடுக்காதீங்க. இருபதாயிரம் கூடவே கிடைக்கும்."

நோட்டின்படி அது மூன்றாம் சுற்று. அதாவது 2,48,216. கேபிள் அறுந்த பிறகு மைல்கல்லைப் பார்த்து எழுதிய நடைகள் வேறு.

முடிவு சொல்ல வேண்டியது நான் அல்ல. ஓடு ஒழுகுவது அவர்கள் வீட்டில். அண்ணியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர்கள் நோட்டை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள். ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இது நம்ம பெரியவன் பொறந்த அன்னைக்கு. என்னையும் ஏத்திட்டுத்தான் போனாரு. அதுக்கும் கிலோமீட்டர் எழுதி வச்சிருக்காரு பாருங்க" என்று சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு கிலோமீட்டர் கூட்டி எழுதி யாருகிட்டயும் காசு வாங்கினதில்ல தம்பி. இப்ப ரெண்டு லட்சத்தைக் குறைச்சு நான் வாங்கவா? நோட்டையும் வண்டியோட குடுத்துடுங்க" என்றார்கள்.

புரோக்கர் கொண்டுவந்த ஆள் விலகிவிட்டார். இரண்டு மாதம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து, நோட்டைப் படித்துவிட்டே வாங்கினார். புரோக்கர் சொன்னதைவிடக் குறைந்த விலைதான். சமையல்கட்டுக்கும் நடுவீட்டுக்கும் ஓடு மாற்றியாயிற்று. தாழ்வாரம் இந்த வருஷ மழைக்கும் ஒழுகத்தான் செய்யும்.

போன மாதம் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார். பெட்ரோல் முள் மேடு பள்ளத்தில் ஆடுகிறதாம். அந்த ரக கேஜ் அப்படித்தான் ஆடும், சமதரையில் நிறுத்திப் பாருங்கள் என்றேன். பேச்சோடு பேச்சாக, இப்போது மீட்டர் 49,030 என்றும், அண்ணனின் கடைசி வரிக்குக் கீழே தாமும் எழுத ஆரம்பித்திருப்பதாகவும் சொன்னார். அண்ணியிடம் அதைச் சொன்னபோது, "எந்த மையில எழுதுறாராம்?" என்று கேட்டார்கள்.