புயலுக்கு பிரேக் இருக்கா?

'நடுக்கடல்லயே ஒரு குண்டு போட்டு இதைக் கலைச்சுட மாட்டாங்களா?' 2016 டிசம்பர் 12... வர்தா எங்க அம்பத்தூர் தெரு மரங்களைச் சாய்ச்சப்போ பாட்டி கேட்டாங்க. சிரிக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ்! பாட்டி ராமேஸ்வரத்துல பிறந்தவங்க. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியையும், அங்கே போன பாசஞ்சர் ரயிலையும் அலை வாரிட்டுப் போனதை இன்னும் மறக்காதவங்க.

குண்டு வேலைக்கு ஆகாது. பெரிய புயல் ஒண்ணு வெளியிடுற வெப்பம், 20 நிமிஷத்துக்கு ஒரு 10 மெகாடன் அணுகுண்டு வெடிக்கிறதுக்குச் சமம். நம்ம குண்டெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி!

அமெரிக்கா 1962-லிருந்து 1983 வரை 'ஸ்டார்ம்ஃபியூரி'னு ஒரு திட்டம் நடத்துச்சு. விமானத்துல போய் புயல் மேகத்துல சில்வர் அயோடைடு தூவுறது. 1969-ல் 'டெபி' புயலோட காற்று வேகம் சுமார் 30 சதவிகிதம் குறைஞ்சதும் ஒரே குஷி! அப்புறம்தான் தெரிஞ்சது... எதுவுமே தூவாத புயலும் நடுவுல தானாவே அப்படிக் குறையும்னு. 21 வருஷ உழைப்பு, பாவம்!

அடுத்த ஐடியா நார்வேயிலிருந்து. புயலுக்குப் பெட்ரோலே சுமார் 26.5 டிகிரிக்கு மேல சூடான கடல்தான். கடலுக்குள்ள குழாய் இறக்கி, காற்றுக் குமிழி விட்டு, ஆழத்துக் குளிர்ந்த தண்ணியை மேல கொண்டு வரலாமாம். எனக்கு ஒரே ஒரு டவுட். தனுஷ்கோடிக்கு வடக்கே பாக் விரிகுடா பல இடங்கள்ல 10 மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. அங்கே குளிர்ந்த தண்ணிக்கு எங்கே போறது?