திறந்த காரும் மாரிக் காலமும்

இங்கிலாந்திலே, ஒக்ஸ்போட் நகருக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் அபிங்டன் என்னும் சிற்றூர் உளது. எம். ஜி. திறந்த கார்கள் 1929 முதல் 1980 வரை இங்கேதான் உருவாகின. கூரையை மடித்துவிட்டு, இருவர் அமர்ந்து செல்லும் சிறு வண்டிகள் அவை. கோடைக்கென்றே பிறந்தவைபோற் தோன்றினும், மாரியிலும் நாடோறும் அவற்றிலேயே வேலைக்குச் செல்வோர் அந்நாட்டில் உளர்.

அவ்வண்டிகளுக்குப் பெரும்பகை மழையன்று, உப்பே. வீதியில் நீர் உறையாதிருக்கத் தூவும் உப்பு, அடித்தகட்டை மெல்ல அரித்துவிடும். ஆதலின் அடிப்பாகத்தை அடிக்கடி நன்னீராற் கழுவுதல் வேண்டும். கடுங்குளிரிற் கூரையை மடித்தால், அதன் பிளாஸ்டிக் பின்சாளரம் வெடிக்கவுங்கூடும்.

பூட்டிவைத்தால் வண்டி நெடுநாள் இருக்கும். ஆயினும், மாரியின் நடுவே வெயில் எறிக்கும் ஒரு காலையில் வானத்தின் கீழே செல்லும் இன்பம் கொட்டகைக்குள் கிடைக்குமா? பொருள் பயன்படுவதற்கே, பேணிப் பயன்படுத்துவோனே அதற்கு உரியவன்.