ரூட் கெனால் பண்ணின பல் மறுபடி வலிக்குதா? இதைப் படிச்சிடுங்க

1/ "நரம்பையே எடுத்தாச்சே, அப்புறம் எப்படி டாக்டர் வலிக்கும்?" நிறைய பேர் கேக்கற கேள்வி. பதில் தெரியாம மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு, வலி அடங்கினதும் மறந்துடறாங்க. நான் பல் டாக்டர் இல்லை, அரசு மருத்துவமனை எம்பிபிஎஸ். ஆனா அந்த மறதியோட கடைசிக் கட்டம் கேஷுவாலிட்டிக்கு எங்ககிட்டதான் வருது.

2/ நரம்பை எடுத்தது பல்லுக்குள்ள இருந்து மட்டும்தான். பல்லைச் சுத்தி இருக்கற சவ்வுக்கும் எலும்புக்கும் உணர்ச்சி அப்படியே இருக்கு. வேர் நுனி வழியா கிருமி கசிஞ்சா அங்க வலிக்கும்.

3/ சிகிச்சை முடிஞ்சு சில நாள் கடிக்கும்போது வலிக்கறது சகஜம். நாளாக ஆக குறையணும். கூடினாலோ, வீங்கினாலோ திரும்பிப் போங்க. ஈறுல கொப்புளம் வந்து உடைஞ்சா வலி போயிடும். அது குணம் இல்லீங்க, சீழுக்கு வழி கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

4/ ஏன் இப்படி ஆகுது? வேருக்குள்ள இருக்கற கால்வாய் நேர்க்குழாய் இல்லை. வளையும், கிளை பிரியும். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் 3, ஆனா பெரும்பாலும் கால்வாய் 4. அந்த நாலாவது ரொம்ப மெல்லிசு, கண்ணுக்குத் தப்பிடும்.

5/ இன்னொரு காரணம் நம்ம கையில இருக்கு. காசு, நேரம்னு சொல்லி கேப் போடாம மாசக்கணக்குல விடறது. தற்காலிக அடைப்பு தேஞ்சு எச்சிலும் கிருமியும் உள்ள இறங்கும். பல்லே பிளந்தும் போகலாம்.

6/ "ஃபைல் உடைஞ்சு உள்ள மாட்டிக்கிச்சு"ன்னு டாக்டர் சொன்னா பதறாதீங்க. வளைவான கால்வாய்ல அது நடக்கக்கூடியதுதான். உள்ள நல்லா சுத்தம் ஆகியிருந்தா அந்தத் துண்டோடவே பல் பல வருஷம் உழைக்கும். மறைக்காம சொன்னதே நல்ல விஷயம். எக்ஸ்ரேல தொடர்ந்து பாருங்க.

7/ மாத்திரை ஏன் பத்தாது? மருந்து ரத்தத்துல போய்ச் சேரணும். நரம்பு எடுத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே கிடையாது. அதனால வீக்கம் அடங்கும், கிருமி உள்ளயே உக்காந்திருக்கும்.

8/ மறுசிகிச்சைன்னா கேப்பைக் கழட்டி, பழைய கட்டா பெர்ச்சாவை எடுத்து, விட்டுப்போன கால்வாயைத் தேடி, ஹைப்போகுளோரைட்ல கழுவி, திரும்ப அடைக்கறது. அதுக்கும் மசியலன்னா வேர் நுனியை அறுவைசிகிச்சைல எடுப்பாங்க. வேர் நெடுக்க விரிசல்னா பிடுங்கறதுதான் வழி. எலும்பு ஆற மாசக்கணக்கு ஆகும், பொறுமை வேணும்.

9/ இதைத் தள்ளிப்போட்டா? கீழ்க்கடைவாய்ப் பல்லோட சீழ் நாக்குக்கு அடியில ரெண்டு பக்கமும் பரவி, நாக்கை மேல தூக்கி மூச்சை அடைக்கும். 1836ல ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரிச்ச நோய், இன்னைக்கும் வருது. நாங்க பார்த்த ஒரு சர்க்கரை நோயாளி மூணு வாரம் மாத்திரையிலயே ஓட்டியிருந்தார். படுக்க முடியல, எச்சில் முழுங்க முடியல. கழுத்துல துளை போட்டுத்தான் மூச்சைக் காப்பாத்தினோம்.

10/ தாடைக்கு அடியில வீக்கம், வாய் திறக்க முடியல, முழுங்க முடியல, காய்ச்சல், குரல் மாற்றம். இதுல எது வந்தாலும் காலைல பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. நடுராத்திரின்னாலும் ஜிஎச் கேஷுவாலிட்டிக்கு வாங்க. சர்க்கரை இருக்கறவங்க இன்னும் சீக்கிரமா.

11/ செலவு பயம்னா, பல அரசு மருத்துவமனைகள்ல பல் பிரிவு இருக்கு, போய்க் கேளுங்க. வீட்டுல யாராவது கேப் போடாம தள்ளிப்போட்டுட்டு இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. 🙏